வல்லத்துக்காரர் கேட்ட கேள்வி

அரிச்சந்திரன் கதையைக் கூத்தாகவோ நாடகமாகவோ பார்த்துக் கண் கலங்காதவர்கள் நம் பக்கத்தில் குறைவு. மயான காண்டம் வந்துவிட்டால் முந்தானைகள் எல்லாம் கண்ணுக்குப் போய்விடும். ஆனால் கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் என் கவனம் அரிச்சந்திரன் மீது அவ்வளவாகப் போவதில்லை. விசுவாமித்திரர் மீதுதான் போகிறது. "இவன் பொய் சொல்லமாட்டான்" என்று வசிஷ்டர் சொல்லிவிட்டார். "சொல்ல வைக்கிறேன், பார்" என்று இவர் கிளம்பினார். கிளம்பியவர் என்ன செய்தார்? "இன்று என்ன கிழமை? உன் மகன் பெயர் என்ன?" என்று ஆயிரம் கேள்வி கேட்டாரா? கேட்டிருந்தால் ஆயிரத்துக்கும் உண்மையான பதிலே வந்திருக்கும். அதனால் ஒன்றும் தெரிந்திருக்காது. அவர் யோசித்தார். இந்த மனிதன் உடைவதானால் எந்த இடத்தில் உடைவான் என்று யோசித்தார். நாட்டைப் பறித்தார், மனைவியை விற்க வைத்தார், கடைசியில் பெற்ற பிள்ளையின் பிணத்துக்குக் கூலி கேட்க வேண்டிய இடத்தில் அவனைக் கொண்டுபோய் நிறுத்தினார். சோதனை என்றால் அதுவல்லவா சோதனை!

எங்கள் சுரண்டை போன்ற வியாபார ஊர்களில் இந்த ஞானம் எல்லாருக்கும் உண்டு. மிளகாய் மூட்டையையோ உளுந்து மூட்டையையோ விலை பேசுகிறவர், வாயை அவிழ்த்து மேலே கிடப்பதை மட்டும் அள்ளிப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுக்கமாட்டார். குழல் போன்ற இரும்பு ஊசியை மூட்டையின் வயிற்றில் குத்தி இழுப்பார். நல்ல சரக்கு மேலேயும் நமுத்த சரக்கு அடியிலேயும் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். மேல்வாயில் நூறு தரம் கையை விட்டுப் பார்ப்பதைவிட, சரியான இடத்தில் ஒரு தரம் குத்திப் பார்ப்பது மேல்.

இந்தச் சோதனைக் கலை இன்று ஒரு புதிய துறையில் புதிய பெயரோடு உலவுகிறது. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் போட்டிகளைப் பற்றி வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் 2011ஆம் ஆண்டில் ஸோஹோ கம்பெனி வந்து அமர்ந்த பிறகு, இந்த வட்டாரத்துப் பெற்றோர்களுக்குப் புரோகிராம் என்ற சொல் புதியதல்ல. ஆனால் போட்டி என்பது வேறு சங்கதி. ஒரு கணக்கைக் கொடுப்பார்கள். பையனோ பெண்ணோ அதற்கு விடை காணும் புரோகிராமை எழுதி அனுப்ப வேண்டும். அதை மனிதர் யாரும் உட்கார்ந்து படித்து மதிப்பெண் போடுவதில்லை. ஓர் இயந்திரம், முன்கூட்டியே தயாரித்து மறைத்து வைத்திருக்கும் எண்களை ஒவ்வொன்றாக அந்தப் புரோகிராமுக்குக் கொடுக்கும். எல்லாவற்றுக்கும் சரியான விடை, அதுவும் ஒன்றிரண்டு விநாடிக்குள், வந்தால் வெற்றி. ஒன்று தவறினாலும் போயிற்று. அந்த மறைத்து வைத்த எண்களுக்குத்தான் டெஸ்ட் கேஸ் என்று பெயர். நாம் சோதனை எண்கள் என்று வைத்துக்கொள்வோம்.

இந்தப் போட்டிகளுக்கும் இப்போது ஒரு சரித்திரம் ஏற்பட்டுவிட்டது. 1970இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் கல்லூரி மாணவர்களுக்காக நடந்த போட்டியை முதல் வித்து என்பார்கள். 1977இல் அதன் இறுதிச் சுற்று முதன்முதலாக நடந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கான உலக ஒலிம்பியாட் 1989இல் பல்கேரியா நாட்டில் பிராவெட்ஸ் என்ற ஊரில் தொடங்கியது. இந்தியப் பிள்ளைகள் 2002 முதல் அதில் கலந்துகொண்டு வருகிறார்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கும் பணியில் சென்னைக் கணிதவியல் கழகத்தின் பேராசிரியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 2001இல் அமெரிக்காவில் டாப்கோடர், 2009இல் நம் நாட்டில் கோட்செஃப், 2010இல் ரஷ்யாவின் சராத்தோவ் நகரிலிருந்து மிகைல் மிர்சயானவ் தொடங்கிய கோட்ஃபோர்சஸ் என்று வரிசையாக மேடைகள் எழும்பின.

கணக்கை எழுதியவுடன் போட்டி நடத்துகிறவரின் வேலை முடிந்தது என்று நாம் எண்ணிக்கொள்வோம். உண்மையில் அப்போதுதான் வேலை தொடங்குகிறது. கணக்குக்கு ஒரு நாள் போதும். சோதனை எண்களுக்கு ஒரு வாரம் பிடிக்கும். ஏனென்றால் சோதனை எண்கள் சோடையாக இருந்தால் இரண்டு அநியாயங்கள் நடக்கும். தவறான புரோகிராம் ஒன்று தப்பித்து முன்னே போய்விடும், அது ஒன்று. நெற்றி வியர்க்கச் சரியான வழியைக் கண்டுபிடித்து, அதனால் கால் மணி நேரம் பின்தங்கிய பிள்ளை, குறுக்கு வழிக்காரனுக்குப் பின்னால் நிற்கும், அது மற்றொன்று. மதிப்பெண் பட்டியல் வேலைக்கும் மேற்படிப்புக்கும் படியாக இருக்கும் காலத்தில், சிற்றூரிலிருந்து வருகிற ஒரு பிள்ளைக்கு இது விளையாட்டுச் சமாசாரம் அல்ல.

சோதனை எண்களை எப்படித் தயாரிக்கிறார்கள்? கையால் எழுதிய சில சிறிய எண்கள் ஒரு வகை. இயந்திரத்தையே குருட்டாம்போக்கில் அள்ளிப்போடச் சொன்னவை மற்றொரு வகை. இவற்றை லட்சக்கணக்கில் செய்துவிடலாம். மூன்றாவது வகைதான் விசுவாமித்திர வகை: எந்தத் தவறான எண்ணம் பிள்ளைகளின் மனத்தில் எழும் என்று ஊகித்து, அந்த எண்ணத்தை உடைப்பதற்கென்றே செதுக்கிய எண். டாப்கோடரிலும் கோட்ஃபோர்சஸிலும் போட்டியிடுகிறவர்களுக்கே இந்த விசுவாமித்திர வேலையைக் கொடுத்தார்கள். எதிராளியின் புரோகிராமைப் படித்து, அதைக் கவிழ்க்கும் எண் ஒன்றை அனுப்பினால் தனி மதிப்பெண்.

குருட்டாம்போக்கில் அள்ளிய லட்சம் எண்களைவிடச் செதுக்கிய ஓர் எண் எப்படி மேலாகும்? இதற்கு உதாரணம் தேடி நான் ரஷ்யாவுக்கும் அமெரிக்காவுக்கும் போக வேண்டியிருக்கவில்லை. சுரண்டையில் பஸ் ஏறித் தென்காசியில் மாறினால், ஒரு முற்பகலுக்குள் போய்த் திரும்பிவிடக்கூடிய வல்லம் கிராமத்திலேயே அது கிடைத்தது.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த வல்லத்தில் 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி பிறந்தவர் எஸ். எஸ். பிள்ளை என்று கணித உலகம் அறிந்த சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. தாயார் அவருடைய குழந்தைப் பருவத்திலேயே காலமானார். பள்ளிப் படிப்பு முடிவதற்குள் தகப்பனாரும் போய்விட்டார். அத்தோடு ஏட்டை மூடிவைத்திருக்க வேண்டியதுதான். ஆனால் பையனின் அறிவைக் கண்டு வைத்திருந்த ஓர் ஆசிரியர், தம் சம்பளத்திலிருந்தே உதவி செய்து படிப்பைத் தொடர வைத்தார். பிறகு நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். அவருடைய முக்கியமான கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் சிதம்பரத்தில் இருந்த பன்னிரண்டு ஆண்டுகளில் விளைந்தவை.

அவர் எடுத்துக்கொண்ட கேள்விகளில் ஒன்றைச் சொல்கிறேன். கல்லூரியில் இரண்டே வருஷம் கணக்குப் படித்த எனக்கே விளங்கியது. உங்களுக்கு விளங்குவதில் தடையிராது.

அடுத்தடுத்து வரும் எண்கள் சிலவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 8, 9, 10 என்று வைத்துக்கொள்வோம். எட்டும் பத்தும் இரட்டைப்படை. இரண்டால் வகுபடுவதால் ஒன்றுக்கொன்று உறவு. ஒன்பதோ மூன்றால் மட்டும் வகுபடும். மற்ற இருவரோடும் அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒன்றைத் தவிர வேறு எந்த எண்ணும் அதையும் அவர்களையும் சேர்த்து வகுக்காது. இப்படி உறவில்லாத எண்களைச் சார்பகா எண்கள் என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். கேள்வி இதுதான்: அடுத்தடுத்த எண்களின் வரிசை எதை எடுத்தாலும், மற்ற எவரோடும் உறவில்லாத தனியாள் ஒருவர் கட்டாயம் இருப்பாரா?

ஐந்து எண்களை எடுத்துப் பாருங்கள், இருப்பார். பத்து எண்களை எடுத்துப் பாருங்கள். எங்கிருந்து தொடங்கினாலும் இருப்பார். பதினைந்து, பதினாறு வரையில் எங்கே எடுத்தாலும் இருப்பார். பதினேழு எடுத்து, 1லிருந்து தொடங்கியும் 100லிருந்து தொடங்கியும் 2000லிருந்து தொடங்கியும் பார்த்தாலும் இருப்பார். சாதாரண மனிதன் இந்த இடத்தில், "எப்போதும் இருப்பார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படுக்கப் போய்விடுவான்.

பிள்ளை அப்படிப் படுக்கப் போகவில்லை. 1940இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியின் முடிவு: பதினாறு எண்கள் வரை தனியாள் கட்டாயம் உண்டு, பதினேழு ஆனதும் அந்த விதி முறிந்துவிடுகிறது. பதினேழிலிருந்து 430 வரை எத்தனை எண்கள் கொண்ட வரிசையானாலும் தனியாள் இல்லாமல் அமைய முடியும் என்று காட்டினார். அடுத்த ஆண்டே ஆல்ஃபிரட் பிரௌவர் என்ற ஜெர்மானியக் கணித அறிஞர், பதினேழுக்கு மேல் எல்லா எண்ணிக்கைக்கும் இது பொருந்தும் என்று முடித்து வைத்தார்.

பதினேழு எண்களில் விதி முதன்முதலில் முறியும் இடம் 2184. அதிலிருந்து 2200 வரை எழுதிப் பாருங்கள். இரட்டைப்படை ஒன்பதும் தமக்குள்ளே உறவு. மீதி எட்டு ஒற்றைப்படை எண்கள். 2187, 2193, 2199 மூன்றும் மூன்றால் வகுபடும். 2185, 2195 இரண்டும் ஐந்தால் வகுபடும். 2191 ஏழால் வகுபடும்; அதன் உறவுக்காரன் 2184. 2197 என்பது பதின்மூன்றைப் பதின்மூன்றால் இரண்டு முறை பெருக்கியது. அதற்கும் 2184தான் உறவு. எஞ்சியது 2189. அது பதினொன்றால் வகுபடும். வரிசையின் கடைசியில் நிற்கும் 2200 அதற்கு உறவு. ஆகப் பதினேழு பேரில் அநாதை ஒருவர்கூட இல்லை! கடைசி 2200ஐ வெட்டிவிடுங்கள். 2189 உடனே தனியாளாகிவிடும். முதல் 2184ஐ வெட்டுங்கள், 2197 தனியாளாகிவிடும். ஒரு செங்கல்லை உருவினால் முழு வளைவும் சரியும் கட்டடம் போல் அது நிற்கிறது.

இப்போது இதையே ஒரு போட்டிக் கணக்காக வைத்துப் பாருங்கள். "வரிசையைத் தருகிறேன், தனியாளைச் சொல், இல்லையேல் இல்லை என்று சொல்." சாமர்த்தியக்காரப் பையன் ஒருவன், தனியாள் எப்போதும் இருப்பார் என்று நம்பி, "இல்லை" என்ற பதிலே வராதபடி எழுதிவிடுகிறான். அவனைப் பதினேழு எண்களைக் கொண்டு சோதிக்கிறவர் குருட்டாம்போக்கில் எண்களை அள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

நான் காகிதத்தில் கணக்குப் பார்த்தேன். பதினேழு எண்களுக்குள் இரண்டு பேருக்குப் பொதுவாக இருக்கக்கூடிய பகா எண்கள் 2, 3, 5, 7, 11, 13 ஆகிய ஆறுதான். ஆறையும் பெருக்கினால் 30030. அதற்குப் பிறகு உறவு முறை முழுவதும் முதலிலிருந்து அப்படியே திரும்பும். இந்த 30030 தொடக்கங்களில் தனியாளே இல்லாத வரிசைகள் இரண்டே இரண்டு: 2184இல் தொடங்குவது ஒன்று, அதைக் கண்ணாடியில் பார்த்தது போன்ற 27830இல் தொடங்குவது மற்றொன்று. குருட்டாம்போக்கில் நூறு வரிசைகளை எடுத்தாலும் இவற்றில் ஒன்று அகப்படுவதற்கான வாய்ப்பு நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பையன் தப்பித்துவிடுவான். ஆனால் பதினொன்றை எந்த இடத்தில் வைப்பது, பதின்மூன்றை எந்த இடத்தில் வைப்பது என்று ஆற அமர யோசிக்கிறவர் பேனாவை எடுத்து 2184 என்று எழுதிவிடுவார். லட்சம் கேள்விகளின் வேலையை அந்த ஒரு கேள்வி செய்துவிடும்.

பிள்ளையின் பெயர் உலகெங்கும் பரவியது இதைவிடப் பெரிய வேறொரு கணக்கால். 1770இல் வேரிங் என்ற ஆங்கிலேயர் எழுப்பிய கேள்வி அது. அதையும் சில்லறைக் கணக்காகச் சொல்லிவிடலாம். 1, 64, 729 என்ற மதிப்புள்ள நாணயங்கள் மட்டும் புழங்கும் ஒரு தேசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அவை 1, 2, 3 ஆகிய எண்களை ஆறு முறை வைத்துப் பெருக்கியவை. அதற்கு மேலும் 4, 5 என்று அந்த முறையிலேயே நாணயங்கள் உண்டு. எந்தத் தொகையானாலும் தவறாமல் கொடுத்துவிட, அதிகபட்சம் எத்தனை நாணயங்கள் வேண்டியிருக்கும்? 73 போதும் என்று 1940இல் பிள்ளை நிரூபித்தார். ஆறுக்கு மேற்பட்ட அடுக்குகளுக்குப் பொதுவான விடை காண்பதில் 1936இலேயே அவரும் அமெரிக்காவில் டிக்சனும் தனித்தனியே வெற்றி கண்டிருந்தார்கள்.

73க்குக் குறைந்து ஏன் போதாது? 703 என்ற தொகையைக் கொடுத்துப் பாருங்கள். 729 அதைவிடப் பெரியது, உதவாது. 64 பத்து போட்டால் 640. மீதி 63க்கும் ஒன்றுகளையே எண்ண வேண்டும். மொத்தம் 73 நாணயங்கள்! 729 ரூபாய்க்கு ஒரே நாணயம் போதும். அதற்கு இருபத்தாறு ரூபாய் குறைந்த 703க்கு எழுபத்து மூன்று. பெரிய எண் பெரிய கஷ்டம் கொடுக்கும் என்று நினைக்கிறோம். கஷ்டம் பெரிய எண்ணின் வாசலுக்குச் சற்று முன்னால் பதுங்கியிருக்கிறது. சோதனை எண்களைச் செதுக்குகிறவர்கள் கற்றுக்கொள்ளும் இரண்டாவது பாடம் இது. எங்கே பொய்யாகிறது என்று கேட்பது முதல் பாடம். எங்கே மிகமிகச் சிரமமாகிறது என்று கேட்பது இரண்டாவது.

இவையெல்லாம் வேலையற்றவர்களின் விளையாட்டு என்று சொல்லிவிட முடியாது. அகராதியில் சொல் தேடும்போது நடுப்பக்கத்தைப் பிரித்து, முன்னா பின்னா என்று பார்த்து, மறுபடியும் பாதியாக்கித் தேடுகிறோம் அல்லவா? கம்ப்யூட்டரும் அப்படித்தான் தேடும். அந்த வழியை ஜான் பென்ட்லி என்பவர் 1986இல் வந்த தம் புத்தகத்தில் சரியென்று விளக்கியிருந்தார். அவரிடம் பாடம் கேட்ட ஜோஷுவா பிளாக், ஜாவா என்ற கணினி மொழியின் பொது நூலகத்துக்காக அதே வழியில் எழுதினார். சுமார் ஒன்பது ஆண்டுகள் உலகமெல்லாம் அதைப் பயன்படுத்தியது. 2006இல் பிளாக் தாமே அதில் ஒரு பிழை இருப்பதை வெளியிட்டார். நடுவைக் காண இரண்டு முனைகளையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். பட்டியலில் 107 கோடிக்கு மேல் உருப்படிகள் இருந்தால், அந்தக் கூட்டுத்தொகை இயந்திரத்தின் கொள்ளளவைத் தாண்டி வழிந்து, எதிர்மறை எண்ணாகிவிடும்! முதலில் எழுதிய காலத்தில் அவ்வளவு பெரிய பட்டியல் யாரிடமும் இல்லை. ஆகவே யாரும் அந்த இடத்தில் ஊசியைக் குத்திப் பார்க்கவில்லை. ஆயிரம் பேர் லட்சம் முறை பயன்படுத்தியது மூட்டையின் மேல்வாயில் கைவிட்டுப் பார்த்த கதைதான்.

இங்கே ஒரு விஷயத்தை மறந்துவிடக்கூடாது. நல்ல சோதனைக்கும் எல்லை உண்டு. பிழை இருந்தால் அதைப் பிடித்துக் காட்டத்தான் சோதனையால் முடியும். பிழையே இல்லை என்று சாட்சி சொல்ல அதனால் முடியாது. டச்சு நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1969இல் இந்தக் கருத்தை அழுத்தமாகச் சொன்னார். அதற்கு இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் வல்லத்துக்காரர் அதைச் செயலில் காட்டியிருந்தார். பதினேழில் விதி முறியும் என்று காட்ட ஒரு வரிசை போதும். ஆனால் பதினாறு வரை முறியவே முறியாது என்று சொல்ல எத்தனை கோடி வரிசைகளைப் பார்த்தாலும் போதாது. அங்கே நிரூபணம் வேண்டும். அந்த இரண்டையும் அவர் ஒரே ஆராய்ச்சியில் செய்தார். எங்கே கேள்வி போதும், எங்கே நிரூபணம் இல்லாமல் வாய் திறக்கக்கூடாது என்ற எல்லைக்கோடு அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அரசியலிலும் வியாபாரத்திலும், ஏன், குடும்பத்திலும்கூட நாம் அடிக்கடி அழித்துவிடும் கோடு அது. "இதுவரை ஒன்றும் ஆகவில்லையே" என்பதை "இனிமேலும் ஆகாது" என்று வாசிப்பதில் நமக்குத்தான் எவ்வளவு சௌகரியம்!

பிள்ளை பிறகு திருவாங்கூருக்கும் அங்கிருந்து கல்கத்தாவுக்கும் போனார். 1950இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ஆராய்ச்சிக் கழகத்திலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. ஹார்வர்டில் கூடிய உலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்வதாக இருந்தார். மாநாடு ஆகஸ்டு 30ஆம் தேதி தொடங்கியது. மறுநாள், 31ஆம் தேதி, அவர் போன விமானம் கெய்ரோவுக்கு அருகே தீப்பற்றி விழுந்தது. அதிலிருந்த 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவருக்கு அப்போது வயது 49. வேரிங் கணக்கில் கடைசி வரை முரண்டு பிடித்து நின்ற நான்காம் அடுக்கு, 1986இல்தான் வழிக்கு வந்தது. அதற்கு விடை 19 என்று நிரூபித்த மூவரில் ஒருவர் சென்னையைச் சேர்ந்த ஆர். பாலசுப்பிரமணியன் என்பதில் நமக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது.

இன்று நம் வட்டாரத்துப் பிள்ளைகள் யாரோ எங்கோ மறைத்து வைத்த எண்களின் முன்னே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். அந்த எண்களை எழுதுகிறவரின் உழைப்பைப் பற்றியும் கொஞ்சம் பேசவேண்டும். சோம்பேறித்தனமாகக் கேட்ட கேள்வி, நன்றாகப் படித்தவனையும் படிக்காதவனையும் ஒரே தராசுத் தட்டில் வைத்துவிடும். யோசித்துக் கேட்ட கேள்வி ஒரு பிள்ளைக்குச் செய்யும் மரியாதை. "உன் விடையை நான் பொருட்படுத்துகிறேன்" என்று சொல்வதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. விசுவாமித்திரரும் கடைசியில் தோற்றபோது வருந்தவில்லை. தம் கேள்விகள் அத்தனையையும் தாங்கி ஒருவன் நின்றான் என்று கண்டு, தம் தவப்பலனையே கொடுத்துவிட்டுப் போனார். அரிச்சந்திரனின் உண்மையை ஊரறியச் செய்தது அவன் சொன்ன பதில்கள் மட்டுமல்ல, அந்த முனிவர் கேட்ட கேள்விகளுந்தான்.